ஞாயிறு, பத்து ஏழு

செப்டம்பர் 1, ஞாயிறு

காலை 10.07. குட்டுவன் போட்டுவிட்டான்.

போனில் மணி அடித்ததும் பூங்கோதை அடுப்படியிலிருந்து, “வந்துருச்சாப்பா?” என்றாள். “உங்கண்ணன் நல்லாத்தான் இருக்கான். நீ சாம்பாரப் பாரு” என்றேன். பார்ப்பதற்குள் அடிப்பிடித்துவிட்டது. ஜெர்மனிக்காரனும் ஜப்பான்காரனும் என் மகளிடம் சந்தேகம் கேட்கிறார்கள். துவரம்பருப்பு மட்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. அதை அவளிடமே சொன்னேன். கரண்டியைக் காட்டினாள்.

தங்கச்சி வேலை பார்க்கிற இடத்துக்குக் குட்டுவன் அனுப்புவது நீளமான இங்கிலீஷ் கடுதாசி; என் போனுக்கும் வரும்படி கோதை செய்து வைத்திருக்கிறாள். எட்டாவது வரை படித்த எனக்கு அதில் அடையாளம் தெரிவது மூன்றுதான். மேலே செங்குட்டுவன் என்று அவன் பேர். பக்கத்தில் தேதியும் நேரமும். கடைசியில் ஓகே. வீட்டை விட்டுப் போய் எட்டு வருஷம் ஆன பிள்ளை வாரம் தவறாமல் ஓகே என்று எழுதுகிறான். எதிர்வீட்டுக்காரரிடம் அவர் கூடவே இருக்கிற பிள்ளை மாதத்துக்கு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அதை அவரிடம் சொல்லி வெறுப்பேற்றினேன்.

மதியம் அடிப்பிடித்த சாம்பாரையே சாப்பிட்டோம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

நடைப்பயிற்சியில் பிச்சைக்கண்ணு, “உம்மக என்னதான்யா வேல பாக்குது?” என்று இன்றும் கேட்டான். இவன் ஓட்டிய பஸ்ஸில்தான் நான் இருபத்திரண்டு வருஷம் கண்டக்டர். இவனுக்கு எதையும் பத்துத் தடவை சொல்ல வேண்டும். சொன்னேன். கம்ப்யூட்டருக்குள் முதலில் கண் விழிக்கிற சாமான் ஒன்று உண்டு. கெர்னல் என்று பேர். அது எழுந்துதான் மற்றதை எல்லாம் எழுப்பும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் அவரவர் இடத்தில் உட்கார்ந்து அதை எழுதுகிறார்கள். எழுதினது மனுஷனுக்குத்தான் புரியும். அதை மெஷினுக்குப் புரியும்படி ஆக்கித் தருகிற கருவிக்குக் கம்பைலர் என்று பேர். எவ்வளவு பழைய கம்பைலர் வரை செல்லும், எதற்குக் கீழே செல்லாது என்று சொல்கிற பகுதிக்குக் கோதை பொறுப்பு.

“அப்ப செக்கிங் இன்ஸ்பெக்டர்னு சொல்லு” என்றான் பிச்சைக்கண்ணு. முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்து செக்கிங்கைக் கண்டு நடுங்கின எனக்கு வீட்டிலேயே செக்கிங் பிறந்திருக்கிறது.

மத்தியானம் சாப்பிடும்போது கோதை தானாகவே பேச்செடுத்தாள்.

“பழைய கம்பைலர எடுத்துடலாம்னு இருக்கோம்ப்பா.”

“எடுத்தா என்ன?”

“அது ஒண்ணுக்காக நாப்பது எடத்துல முட்டுக்கொடுத்து வச்சிருக்கோம். யாரு எதப் புதுசா எழுதினாலும் அதுல போயி இடிக்குது. இந்த வருஷத்துக்கு முந்துனது இனிமே செல்லாதுன்னு ஏத்திட்டா எல்லாருக்கும் நிம்மதி.”

“பழைய பாஸ் செல்லாதுங்கற.”

“அதேதான்.”

“இன்னும் யாரும்மா அந்தப் பழைய பாஸ வச்சுக்கிட்டு ஏறுறது?”

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “அத வச்சு நாங்க எழுதுறத டெஸ்ட் பண்ணி ஓகே சொல்றது எங்களுக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தாம்ப்பா. அண்ணன்.”

எனக்குப் புரையேறிவிட்டது. சிரிப்பில்தான். விஷயம் இதுதானாம்: ஒரு அறிவிப்புப் போடுவார்கள். அந்தக் கடுதாசி எல்லோருக்கும் போகும். பழசை யாராவது இன்னும் வைத்திருந்தால் 22ஆம் தேதிக்குள் ஆட்சேபணை எழுத வேண்டும். எழுதாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

“போடு” என்றேன். “இன்னைக்கே போடு. எட்டு வருஷமா ஓகே ஓகேன்னே ஓட்டிட்டான் பய. இப்ப வாயத் தொறந்துதான ஆகணும். தூங்குறப்ப காதுல துரும்பு விட்டா அடிக்க எந்திரிப்பான் பாரு, அந்த மாதிரி எந்திரிப்பான்.”

“எழுதலன்னா?”

“எழுதுவான். அவனச் சீண்டுறதுல எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?”

கழுவி வைத்த தட்டை எடுத்து மறுபடி கழுவினாள்.

செப்டம்பர் 4, புதன்

அறிவிப்புப் போட்டாகிவிட்டது. எழுதி முடித்தபின் அனுப்புகிற பொத்தானை அழுத்த அவளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. “பொண்ணு பாக்க வந்தப்பகூட நீ இவ்வளவு யோசிக்கல” என்றேன். மாப்பிள்ளை மஸ்கட்டில் இருக்கிறார், நல்ல வேளை.

கேஸ் வந்தது. பழைய சிலிண்டரைக் கீழே இறக்க நான் கை கொடுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

செப்டம்பர் 5, வியாழன்

இடுப்பு. குட்டுவனிடமிருந்து ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

10.07. ஓகே. வழக்கமானது மட்டும்தான். அறிவிப்பைப் பற்றி மூச்சுவிடவில்லை. வீம்பு. அவன் அம்மாவுக்கும் இதே வீம்புதான். அவள் மூன்று நாள் பேசாமல் இருந்தால் நான் நாலாம் நாள் உப்பில்லாமல் சாப்பிட்டு, பிரமாதம் என்பேன். உடனே வாய் திறந்துவிடுவாள். புண்ணியவதி போய்ப் பதினோரு வருஷம்.

செப்டம்பர் 11, புதன்

எட்டுப் பேர் சம்மதம் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தன், இதை இரண்டு வருஷமாகக் கேட்கிறேனே, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டிருக்கிறான். கோதை படித்துச் சொல்லும்போது அந்த வரியைத் தாண்டிப் போகப் பார்த்தாள். எனக்கு இரண்டு என்ற எண் தெரியாதா. பிடித்துக்கொண்டேன்.

“ரெண்டு வருஷமா ஏன் நீ விடல?”

“ஒருத்தர் அதுல டெஸ்ட் பண்றாங்க, பாவம்னு சொல்லி வச்சிருந்தேன்.”

“அண்ணனுக்காகவா?”

“பால் பொங்குதுப்பா” என்று எழுந்து போனாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

10.07. ஓகே. வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

பிச்சைக்கண்ணுவிடம் நடந்ததைச் சொல்லி, “இன்னும் அஞ்சு நாள். பய எழுதிருவான்” என்றேன். குட்டுவன் பேச்சு வந்தால் அவன் எப்போதும் ஊமை. இன்றைக்கு என்னவோ பேசினான்.

“ஏன்யா, அன்னைக்கு நீ சொன்னதுக்கு அப்புறம் அவன் எழுதுவாங்கற?”

“என்ன சொன்னேன்?”

“தெரியாத மாதிரி கேக்காத.”

தெரியாமல் என்ன. எழுதிவிடுகிறேன். கோதை இந்த வீட்டை வாங்கிப் பால் காய்ச்சிய அன்று நூறு பேர் வந்திருந்தார்கள். குட்டுவன் டிப்ளமோவில் இரண்டு பேப்பர் பாக்கி வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்றில் இருந்தான். அன்றைக்கு நாற்காலி இழுத்துப் போட்டதும் அவன்தான், பந்தி பார்த்ததும் அவன்தான். ஹோமப் புகை படாமல் இருக்கத் தங்கச்சியின் கம்ப்யூட்டருக்குப் பெட்ஷீட் போர்த்திக்கொண்டிருந்தான். நான் ஹாலில் நின்று சத்தமாகச் சொன்னேன், “எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ஒண்ணு கம்ப்யூட்டருக்குப் புத்தி சொல்லும். இன்னொண்ணு கம்ப்யூட்டருக்குத் துணி போத்தும்.” ஹாலே சிரித்தது. குட்டுவனும் சிரித்தான். எனக்கு ஒரு காபி கொண்டுவந்து கொடுத்தான். சர்க்கரை சரியாக இருந்தது. விடிந்தபோது ஆள் இல்லை. தேடி வர வேண்டாம் என்று தங்கச்சிக்கு மட்டும் ஒரு வரி.

பஸ்ஸில் தினமும் ஐம்பது பேரைக் கிண்டல் பண்ணினவன் நான். ஒருத்தரும் இறங்கிப் போனதில்லை.

வீட்டை விட்டுப் போன ஆறாவது மாதம் அவன் பேரில் முதல் கடுதாசி வந்தது, தங்கச்சி வேலை பார்க்கிற அதே இடத்துக்கு. யாரோ தள்ளிவிட்ட மெஷினும் அதிலிருந்த பழைய கம்பைலரும் அவனுக்குக் கிடைத்திருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு, எல்லோரும் எழுதுவதை ஆக்கிப் பார்த்துச் சரியா தப்பா என்று சொன்னான். துணி போர்த்துகிறவன் செய்கிற வேலையா அது. எனக்குப் பதில் சொல்லத்தான் செய்கிறான் என்று அன்றைக்கே புரிந்துவிட்டது. கோபம் தீர்ந்தால் வருவான் என்று இருந்துவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கடைசி நாள். காலையிலிருந்து போனைக் கையை விட்டு வைக்கவில்லை. குளிக்கப் போனபோது கோதையிடம் கொடுத்துவிட்டுப் போனேன். 10.07க்கு ஓகே. அப்புறம் ஒரு விளம்பரம், ஒரு பாங்க் மெசேஜ், மாப்பிள்ளை அனுப்பிய குட்மார்னிங்.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து, “என்ன பண்றதுப்பா?” என்றாள்.

“என்ன பண்றது? சம்மதம்னுதான அர்த்தம். ஏத்து.”

“இன்னும் ஒரு வாரம் பாக்கலாமா?”

“அவனுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல் ஸ்டாப்பா. ஏத்து. ஃபெயில்னு வந்தாத்தான் அவனுக்கு ரோஷம் வரும்.”

அழுதாள். எதற்கென்று கேட்டேன். வெங்காயம் என்றாள். விளக்கேற்றும்போது வெங்காயம் உரிக்கிறவள் என் மகள் ஒருத்திதான்.

செப்டம்பர் 25, புதன்

ஏற்றியாகிவிட்டது. இனிமேல் பழைய பாஸ் செல்லாது. நாப்பது இடத்திலும் கொடுத்திருந்த முட்டுகளை எடுத்துவிட்டார்களாம். உலகம் முழுக்க நன்றி எழுதுகிறார்கள். இவள் முகம் மட்டும் துக்க வீட்டுக்காரி மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு

10.07. ஃபெயில்.

எழுந்து நின்று கைதட்டினேன். வருஷக்கணக்கில் வராத ஃபெயில். இந்நேரம் அங்கே கத்திக்கொண்டிருப்பான். சாயங்காலத்துக்குள் நாலு வரி திட்டி வரும் என்று கடைக்குப் போய் அவனுக்குப் பிடித்த காராபூந்தி வாங்கி வந்தேன். எனக்குத் தெரியும், அவன் வரப்போவதில்லை, கடுதாசிதான் வரும். இருந்தாலும் வாங்கினேன்.

வரவில்லை. காராபூந்தியை நானும் கோதையும் தின்றோம்.

அக்டோபர் 2, புதன்

மகாளய அமாவாசை. அம்மா மண்டபம் காவிரிப் படித்துறையில் நிற்க இடமில்லை. வீட்டுக்காரிக்கு எள்ளும் தண்ணியும் விட்டேன். ஐயர், “ஏன் நீங்க பண்றேள்? பையன் இருக்கானோல்லியோ?” என்றார்.

“இருக்கான் சாமி. ஞாயித்துக்கிழமை தவறாம லெட்டர் போடுறான். நேர்ல வரத்தான் முடியல.”

“அதுவே பெரிசு, இந்தக் காலத்துல” என்றார்.

கோதை படியில் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். 

அக்டோபர் 6, ஞாயிறு

10.07. ஃபெயில்.

முப்பத்தொரு வருஷம் நேரம் எழுதிப் பிழைத்தவன் நான். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் நிமிஷம் குறிக்க வேண்டும். ஒரே பஸ், ஒரே ரோடு, ஒரே பிச்சைக்கண்ணு. அப்படியும் அடுத்தடுத்து இரண்டு நாள் ஒரே நிமிஷத்தில் துறையூர் போய்ச் சேர்ந்ததில்லை. மனுஷன் கை பட்டால் நிமிஷம் முன்னே பின்னே ஆகும்.

போனைத் தள்ளித் தள்ளிப் பழையதெல்லாம் பார்த்தேன். 10.07. 10.07. தீபாவளி ஞாயிறு 10.07. புயல் அடித்து ஊரே இருட்டாகக் கிடந்த ஞாயிறு 10.07. குட்டுவன் பிறந்ததே டாக்டர் சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் கழித்து. பரீட்சை ஹாலுக்கு லேட்டாகப் போய்த்தான் ஒரு பேப்பர் போனது.

கோதையைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

“உங்கண்ணன் என்னைக்காவது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கானா?”

தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே சொன்னாள். “அது அவன் அனுப்புறது இல்லப்பா. அவன் ஒரு தடவ எழுதி வச்சுட்டான். ஞாயித்துக்கிழமை ஆனா மெஷினே புதுசா வந்தத எடுத்து, ஆக்கிப் பாத்து, தானே அனுப்பிடும். கரண்ட் போனாலும் மறுபடி தானே எந்திரிச்சுக்கும்.”

“ஆளே இல்லாமயா?”

“ஆளே வேணாம்.”

“அவங்கையால கடைசியா எப்ப எழுதினான்?”

“ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு. ஏப்ரல்.”

மூன்றரை வருஷம். விரல்விட்டு எண்ணினேன். எண்ணத் தெரியாமல் இல்லை.

“உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“தானா வருதுன்னு முதல்லேர்ந்தே தெரியும். அவன் எழுதுறது நின்னதும் தனியா எத்தனையோ மெயில் போட்டேன். ஒண்ணுக்கும் பதில் இல்ல. நீ ஒவ்வொரு வாரமும் அதப் பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டு சாப்பிட வர்ற. எப்படிப்பா சொல்றது? மெஷின் ஓடுதே, யாராச்சும் பாத்துக்கிட்டுத்தான இருப்பாங்க, அது அவனாத்தான் இருக்கும்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். இத ஏத்தினா அவன் வந்துதான ஆகணும்னு நீ சொன்னப்ப, நானும் நம்பினேன்.”

நான் கிண்டலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அக்டோபர் 7, திங்கள்

தேங்காய் ஒன்று, கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கினேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

மெஷின் எங்கிருந்து பேசுகிறது என்று கோதை கண்டுபிடித்துவிட்டாள். ராசிபுரம் பக்கம் ஒரு பாலிடெக்னிக். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. “இத முன்னாடியே பாத்திருக்கலாமே” என்றேன். “தேடாதன்னு எழுதியிருந்தாம்ப்பா” என்றாள். இரண்டு பேரும் அவன் பேச்சைத் தட்டாமல் நடந்திருக்கிறோம், இதில் மட்டும்.

அக்டோபர் 10, வியாழன்

நேற்றுப் போய் வந்ததை இன்றுதான் எழுதுகிறேன்.

காலையில் நாமக்கல் பஸ். இடம் பிடித்து உட்கார்ந்தோம். பாலிடெக்னிக்கில் ஆயுத பூஜைக்குக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்வது சகாயராணி என்கிற அம்மா. செங்குட்டுவன் வீட்டிலிருந்து வருகிறோம் என்றதும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

“சாரோட அப்பாவா? உங்களத் தேடி எழுதினோமே சார். ரெண்டு லெட்டரும் திரும்பி வந்துருச்சு.”

பீரோவிலிருந்து உறைகளை எடுத்துக் காட்டினாள். பாலக்கரை விலாசம். நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய வீடு. அதை இடித்து ஏழு வருஷம் ஆகிறது. இந்த லேபில் வேலைக்குச் சேரும்போது அவனுக்குப் புது வீட்டு விலாசம் தெரியும். நாற்காலி இழுத்துப் போட்ட வீடு. அதை எழுதவில்லை.

மெஷின் மூலையில் மேஜைக்கு அடியில் இருந்தது. மேலே தாளில் அவன் கையெழுத்து: தயவுசெய்து ஆஃப் செய்யாதீர்கள். செங்குட்டுவன். மெஷின் நெற்றியில் சந்தனம் காய்ந்து காய்ந்து தடித்திருந்தது. “வருஷா வருஷம் நாந்தான் வைக்கிறேன் சார். அவர் சொன்னார்னு யாரையும் கை வைக்க விடல” என்றாள். லாக்டவுனில் எல்லோரும் ஊருக்குப் போனபோது அவன் மட்டும் போக இடமில்லை என்று லேபிலேயே தங்கியிருந்தானாம். மே மாதம் காய்ச்சல் கண்டு ஆம்புலன்ஸில் சேலம் கொண்டுபோனார்களாம். அந்தச் சமயம் யாரையும் உள்ளே விடவில்லையாம். அதற்கு மேல் என்னிடம் சொல்லவில்லை. கோதையின் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

நான் மெஷினிடம் குனிந்து உட்கார்ந்தேன். சூடாக இருந்தது. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம்.

கோதை திரும்பி வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். நேரே போய் மெஷினுக்கு எதிரில் உட்கார்ந்து கீபோர்டை இழுத்தாள். “புதுக் கம்பைலர் போட்டா சரியாயிடும்ப்பா. பத்து நிமிஷம். மறுபடி ஓகேன்னு வரும்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “வேணாம்.”

“ஏம்ப்பா?”

“நீ சரி பண்ணிட்டா அவன் எதுக்கு வருவான்?”

சகாயராணி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அங்கிருந்து சேலம். ஆஸ்பத்திரியில் பழைய ரிஜிஸ்டர் பார்க்கக் கோதை உள்ளே போனாள். நான் வெளியே டீ குடித்தேன். டீ நன்றாக இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு பழுப்புத் தாளோடு வந்தாள். நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். நான் கேட்கவில்லை.  திரும்புகிற பஸ்ஸில் கண்டக்டர் சின்னப் பையன், சில்லறை இல்லை என்று எரிந்து விழுந்தான். பையைத் துழாவிச் சில்லறை எடுத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

10.07. ஃபெயில்.

கோதை குட்டுவன் போட்டோவைப் பெரிதாக்கி ஃப்ரேம் போட்டு வந்திருக்கிறாள். ஹாலில் ஆணி அடிக்கச் சுத்தியலை எடுத்தாள். அடிக்காதே, சுவர் பெயர்ந்துவிடும் என்றேன். அவள் சுத்தியலை வைத்துவிட்டு, “அப்பா, நாம செய்ய வேண்டியத செஞ்சிடலாம்ப்பா” என்றாள்.

“என்ன செய்ய வேண்டியது?”

போட்டோவைப் பீரோவுக்குள் வைத்தாள். நான் போய்க் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

ஜெர்மனிக்காரன் ஒருத்தன் குட்டுவனுக்குக் கடுதாசி போட்டிருக்கிறான். எல்லோரும் பார்க்கிற இடத்தில்தான். பெரியவர்களுக்கு எழுதுகிற மாதிரி மரியாதையாக எழுதியிருக்கிறான். கோதை தமிழில் சொன்னாள்:

அன்புள்ள செங்குட்டுவன், உங்கள் மெஷினிலிருந்து மூன்று வாரமாகத் தோல்வி என்றே வருகிறது. தயவுசெய்து கம்பைலரைப் புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் நிறுத்திவிடுங்கள். இத்தனை வருஷம் நீங்கள் செய்த உதவியை மறக்க மாட்டோம். நீங்கள் கண்டுபிடித்துச் சொன்ன பதினேழு தவறுகளில் இரண்டை நான் ராப்பகலாகத் தேடியும் கண்டுபிடித்திருக்க முடியாது.

“என்னது பதினேழு?” என்றேன்.

அக்டோபர் 16, புதன்

அந்தப் பதினேழையும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொன்னேன். காலையில் உட்கார்ந்தவர்கள், சாப்பிட எழுந்தபோது மணி மூன்று. மெஷின் தானாக ஓகே சொன்னதெல்லாம் வேறு. இது அவனே உட்கார்ந்து குடைந்து, எங்கே தப்பு, ஏன் தப்பு என்று எழுதியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்குக் கீழேயும், சொன்னவர் செங்குட்டுவன் என்று எழுதியிருக்கிறது. அது கெர்னலோடு சேர்ந்தே போகுமாம். யாரும் அழிக்க மாட்டார்களாம். “நான் ரூல மாத்தினாலும் இது போகாதுப்பா” என்றாள்.

ஒன்பதாவதைத் திருத்தியது கோதையே. அண்ணன் தப்பைச் சொல்லியிருக்கிறான், தங்கச்சி சரி பண்ணியிருக்கிறாள்.

“அதுலயாவது அண்ணன்னு போட்டியா?”

“பொது எடம்ப்பா. நான் டியர் செங்குட்டுவன்னு போட்டேன். அவன் தேங்க் யூ மேடம்னு போட்டான்.”

“மேடமா?”

“மேடம்.”

சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை, அது சிரிப்பாகவும் இல்லை. நான் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தத் தாள எடுத்துட்டு வாம்மா” என்றேன். பழுப்புத் தாளைக் கொண்டுவந்தாள். இங்கிலீஷ். பேரும் தேதியும் எனக்கு அடையாளம் தெரிந்தது. மே 19. மணியும் போட்டிருந்தது.

அக்டோபர் 19, சனி

காலையில் சகாயராணிக்குப் போன் போட்டோம். “நிறுத்திடுங்கம்மா” என்று நான்தான் சொன்னேன். அவள், “தாள எடுத்து வைக்கட்டுமா சார்?” என்றாள். எடுத்து வைக்கச் சொன்னேன். மெஷினையும் தாளையும் அடுத்த வாரம் போய் எடுத்து வர வேண்டும்.

ஜெர்மனிக்காரனுக்குப் பதில் எழுதக் கோதை உட்கார்ந்தாள். “நான் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல அடி” என்றேன்.

“ஐயா, நான் செங்குட்டுவனோட அப்பா. பேரு பெத்தபெருமாள். ரிட்டயர்டு கண்டக்டர்.”

அடித்தாள்.

“அவன் ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு மே மாசமே செத்துப் போயிட்டான்.”

விரல் நின்றுவிட்டது. நான் வாயால் சொல்லி அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. நானும் இப்போதுதான் கேட்கிறேன்.

“அடிம்மா.”

அடித்தாள்.

“அது மெஷினுக்குத் தெரியாது. அதனால அனுப்பிக்கிட்டே இருந்துச்சு. எங்களுக்கும் தெரியாது. நீங்கள்லாம் பழச நிறுத்தினதுனாலதான் தெரிஞ்சுது. உங்க மேல வருத்தம் இல்ல. இனிமே வராது.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “முடிச்சுடவாப்பா?” என்றாள்.

“இரு. இன்னொண்ணு இருக்கு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டு விசேஷத்துல, இவன் கம்ப்யூட்டருக்குத் துணிதான் போத்துவான்னு நான் சொன்னேன். அது தப்பு. அவன் பதினேழு கண்டுபிடிச்சிருக்கான். இதையும் அடி.”

“அப்பா, இது அவங்களுக்கு எதுக்குப்பா? ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியாது. ஆயிரக்கணக்கான பேருக்குப் போகும்.”

“அன்னைக்கு நூறு பேருக்கு முன்னாடிதான சொன்னேன். காதோட போயா வாபஸ் வாங்குறது? அடி.”

அடித்தாள்.